முந்திக்கொண்ட காணிக்கை

14

தீப்பெட்டிச் சாலை தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று கேட்டுத் தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அம்மாள் காட்டமாகக் கடிதம் போட்டிருக்கிறார். பதிலைக் கையில் வைத்துக்கொண்டா நான் ஒளித்து விளையாடுகிறேன்? சிலுவையம்மாளுக்கே இன்னும் அந்தச் சந்தேகம் முழுசாக வரவில்லை. இன்றைக்குத்தான் வரப்போகிறது. அந்த அம்மாள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். இராயபுரத்தில் ஒற்றை மீன்படகோடு தொழில் ஆரம்பித்தவர் அருள்பிரகாசம். இன்று அவருக்கு அரிசி மில் இருக்கிறது, படகு பழுது பார்க்கும் கொட்டகை இருக்கிறது, சோப்புக் காய்ச்சும் சவுக்காரச் சாலை இருக்கிறது, திருவொற்றியூரில் சுண்ணாம்புக் காளவாயும் இருக்கிறது. இதில் ஒன்றுக்காவது அவர் அஸ்திவாரக் கல் நட்டதில்லை. எல்லாம் வேறு யாரோ கட்டி, நொடித்துப் போய், இவர் கைக்கு வந்தவை. சரக்கு விலை தரையில் விழுந்து, வியாபாரிகள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்ட வருஷங்கள் அவை. ஊரே விற்கத் தவித்தது. இவர் வாங்கினார்.

போன மாசியில் ஹபீபுல்லா சாயபுவின் தீப்பெட்டிச் சாலை பற்றி எரிந்தது. நல்ல வேளை, உயிர்ச்சேதம் இல்லை. பங்குனி பிறப்பதற்குள் அந்த வாசலிலும் 'அருள்பிரகாசம் அண்ட் சன்' என்ற பலகை ஏறிவிட்டது.

அந்த 'சன்' ஸ்டானிஸ்லாஸ். அவன் மனைவிதான் நம் சிலுவை. அவளுடைய பிறந்த வீட்டுச் சொத்து திருவொற்றியூர்க் கால்வாயில் ஓடும் ஆறு படகுகள். அண்ணன் சவரிராயன் அவற்றை வைத்து விறகும் உப்பும் ஏற்றிப் பிழைக்கிறான். மில்லும் காளவாயும் சவுக்காரமும் வைத்திருக்கிற மாமனாருக்குச் சரக்கை இழுத்துப் போகக் கால்வாய்ப் படகு மட்டும்தான் சொந்தமாக இல்லை. இது இராயபுரத்தில் கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும்.

சரி, கதைக்கு வருவோம். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்து வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணிக்குச் சிலுவை, மகள் ரோசி முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குச் சங்கிலி வாங்கக் கல்மண்டபத்தில் கோதண்டப் பத்தர் கடைக்குப் போனாள்.

பத்தர் கை சுத்தம். வேலையும் சுத்தம். ஆனால் ஒரு மூக்குத்திக்குத் திருகாணி போட இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளும் மகானுபாவர்.

"வாம்மா. சங்கிலி ஆயிப்போச்சி. உங்க கம்பெனி சாமானும் ரெடியா கீது. ஆள அனுப்பறோம்னாங்க, ஒருத்தரயும் காணோம். நீயே எடுத்துகினு போயிடு."

ரோஸ் காகிதப் பொட்டலத்தை அவள் கையில் வைத்தார். அவள் பிரித்துப் பார்த்தாள். உள்ளே கட்டைவிரல் அளவில் இரண்டு வெள்ளிச் சாமான்கள். ஒன்று தீப்பெட்டி. இன்னொன்று படகு.

அவளுக்கு அது புதிதில்லை. அவர்கள் வீட்டு வழக்கம் அது. ஒரு தொழில் கைக்கு வந்து சேர்ந்தால், அதே வடிவில் வெள்ளியில் செய்து, மீனவர்களின் காவலரான இராயப்பர் கோயிலில் காணிக்கையாகக் கட்டிவிடுவார் மாமனார். முதலில் வாங்கிய மில்லுக்கு ஒரு வெள்ளிச் சக்கரம், கிளிஞ்சல் சுடும் காளவாய்க்கு ஒரு வெள்ளிச் சிப்பி. 'கெடச்ச அப்பாலதான் காணிக்கை. கெடைக்கிறதுக்கு முன்னாடி நன்றி சொன்னா இராயப்பரு கோவிச்சிக்குவாரு' என்று நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

தீப்பெட்டி சரி. படகு எப்படி வந்தது?

அதைத் திருப்பிப் பார்த்தாள். கடலுக்குப் போகிற படகுபோல மூக்கு தூக்கியிருக்கவில்லை. அடி தட்டையாக, நடுவில் கூண்டோடு நீளமாக இருந்தது. கால்வாய்ப் படகு. அவள் தவழ்ந்து வளர்ந்தது அதே மாதிரிக் கூண்டுக்குள்தான்.

"இத்த எப்பங்க சொன்னாங்க?"

"படகா? தீப்பெட்டிச் சாலை எரிஞ்ச நாலாம் நாளு. சீட்டு வந்துச்சி. இந்த வெள்ளிக்கெழமைத் தேதி போட்டு, அதுக்குள்ள கண்டிப்பா வோணும்னு எழுதி இருந்துச்சி. அதான் ராவும் பகலுமா குந்தி முடிச்சேன்."

"தீப்பெட்டி?"

"அது அதுக்கும் முந்தி. மாட்டுப் பொங்கலன்னிக்கி. கடை மூடிகினு இருந்தேன், உங்க ஆளு வூட்டாண்டயே வந்து சீட்டக் குடுத்துட்டுப் போனான். மாட்டுக்குக் கொம்புல பூ சுத்திகினு இருந்தேன். நல்லா நெனப்பு கீது."

மாட்டுப் பொங்கல் தை மாதம். சாலை எரிந்தது மாசி மாதம்.

சிலுவை பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். சங்கிலியை மறந்துவிட்டுத் தெருவில் இறங்கியவளைப் பத்தர் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

எரியப் போகிறதென்று எரிவதற்கு ஒரு மாதம் முன்பே தெரிந்த ஒருவர் தன் வீட்டில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்த ஒருவர். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அண்ணனுடைய படகுகளுக்கு இன்றைக்கு ஏதோ நடக்கப்போகிறது.

இந்தக் காணிக்கை யாருடைய வழக்கம்? மாமனாருடையது. அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது?

ஒருசந்தி நாள் என்பதால் வீட்டில் ஒருவேளைச் சாப்பாடு. பன்னிரண்டு மணிக்கே இலை போட்டாயிற்று. அருள்பிரகாசம் மூட்டுவலிக் காலை நீட்டிக்கொண்டு மீன் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டானிஸ்லாஸ். சிலுவை பரிமாறினாள்.

நேராகக் கேட்க அவளுக்குத் துணிவில்லை. சுற்றி வளைத்தாள்.

"மாமா, எங்க அண்ணன் படகுங்கள நாம வாங்கப் போறோமா?"

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் விலை போடுகிறவனின் நிதானம் இருந்தது.

"குடுத்தா வாங்குவேன். குடுக்கலன்னா காத்துகினு இருப்பேன். பழுத்தா தானா வுழும், மருமவளே."

சிலுவை கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டாள்.

"நைனா, சவரி கூட நமக்கு இன்னாத்துக்கு வம்பு?" என்றான் ஸ்டானிஸ்லாஸ் சமாதானமாக. "அவன் நம்ம மனுசன். இன்னிக்கி மீஞ்சூர் கொடோன் கட்டடத்துக்கு நம்ம சுண்ணாம்பு போவுதில்ல, அத்த அவன் படகுலதான் ஏத்தச் சொல்லி கீறேன். ஆறு படகையும் போன வாரம் நம்ம கொட்டகையில இட்டாந்து சந்தெல்லாம் அடச்சிக் குடுத்தோம். கூலி கூட வாங்கல."

"அது செரி" என்று மட்டும் சொன்னார் கிழவர்.

ஸ்டானிஸ்லாஸைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அவன் நல்ல கணவன். கத்திப் பேச மாட்டான். எதிலும் முன்யோசனைக்காரன், கிறிஸ்துமஸ் துணியை ஆவணியிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவான். தினம் சாயங்காலச் செபமாலையில் யாருக்காகவாவது ஒரு கருத்தைச் சொல்லி வேண்டிக்கொள்கிறவன் அந்த வீட்டில் அவன்தான். போன மாசியில் ஒரு நாள், 'நெருப்பு பொழங்கற எடத்துல வேலை செய்யற பொம்பளைங்களுக்காக' என்று அவன் வேண்டிக்கொண்டபோது சிலுவைக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனுக்கு எவ்வளவு இளகின மனசு என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போதும் அப்படித்தான் நினைத்தாள். பாவம், இவருக்கு ஒன்றும் தெரியாது. அப்பா பின்னால் நின்று நூல் இழுக்க, பிள்ளை வெள்ளந்தியாகச் சுண்ணாம்பை ஏற்றச் சொல்லியிருக்கிறார்.

சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் என்ன ஆகுமென்று வீட்டுக்கு வெள்ளையடித்த எவரையும் கேட்டுப் பாருங்கள். சட்டியிலே கொதித்துத் தளதளக்கும். அதையே ஒரு படகு நிறைய ஏற்றி, அந்தப் படகில் ஓட்டையும் விழுந்தால் கரையில் இருக்கிறவன் ஒரு தீக்குச்சி கிழிக்க வேண்டாம். அடைத்ததும் நம் கொட்டகை, ஏற்றுவதும் நம் காளவாய்.

"பீடத் துணி தோய்க்கக் கோயிலாண்ட போறேன்" என்று சொல்லிவிட்டு, சிலுவை ஜட்கா பிடித்துத் திருவொற்றியூருக்குப் போனாள். கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அவள் கணவனிடம் சொன்ன முதல் பெரிய பொய் அது.

கால்வாய்க் கரையில் சவரிராயன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான். ஐந்து படகுகள் காலியாக வரிசை கட்டி நின்றன. காளவாயிலிருந்து ஆட்கள் மூட்டை தூக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாத்தே, ஏத்தாத. ஒரு மூட்டை கூட ஏத்த வாணாம்."

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளிப் படகை எடுத்துக் காட்டினாள். சவரி அதை வாங்கிப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். அவன் முகம் இறுகியது.

"உன் மாமனாரு அனுப்ச்சாரா?"

"இன்னாது?"

"நா ஒண்ணும் நேத்து பொறந்தவன் இல்ல சிலுவை. போன மாசம் வெலை கேட்டு ஆள் வுட்டாரு, முடியாதுன்னேன். இப்ப உன்ன அனுப்பி பூச்சாண்டி காட்டறாரா? தங்கச்சி சொன்னா பயந்துபோயி பாதி வெலைக்கி குடுத்துருவேன்னு கணக்கா?"

புருஷன் வீட்டுக்குத் துரோகம் செய்துவிட்டு ஓடி வந்தவளைப் பிறந்த வீடும் சந்தேகப்பட்டால் அவள் எங்கே போய் நிற்பாள்? இருந்தாலும் அண்ணன் பேச்சிலும் நியாயம் இருந்தது. அந்த 'அண்ட் சன்' பலகையின் கீழே பன்னிரண்டு வருஷம் சோறு தின்றவள்தானே அவள்.

"என்ன நம்ப வாணாம். படகப் பாரு" என்றாள்.

"பாத்தாச்சி. நாலு நாளா தண்ணியில நிக்குது. ஒரு சொட்டு உள்ள வர்ல." அவன் அருகிலிருந்த படகுக்குள் குதித்து, அடிப்பலகையைத் தட்டிக் காட்டினான். உண்மைதான். பஞ்சும் குங்கிலியமும் இறுக அடைத்து, எலும்புபோல் காய்ந்திருந்தது. "இன்னா, திருப்தியா? உங்க கொட்டகைக்காரன் வேலை சுத்தம்."

சிலுவை தோற்றுப்போய்ப் படகின் பக்கவாட்டில் கையை ஊன்றினாள். கை வழுக்கியது.

முகர்ந்து பார்த்தாள். புன்னை எண்ணெய் வாசம். வாரத்துக்கு ஒரு நாள், வீட்டுத் துணி அத்தனையையும் தோய்க்கிறபோது அவள் கையிலிருந்து இரண்டு நாள் போகாத வாசம். மாமனாருடைய சவுக்காரச் சாலைச் சரக்கு.

கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். பலகைச் சந்தில் குத்தி நெம்பினாள். மேலே பூசின கறுப்புக் கீல் பெயர்ந்து வந்தது. அதற்குப் பின்னால் பஞ்சு இல்லை. மஞ்சளாகச் சவுக்காரம் சுருள்சுருளாக வந்தது. சவரி குனிந்து அதை எடுத்துத் தண்ணீரில் நனைத்து விரலால் தேய்த்தான். நுரைத்தது.

சந்தின் உயரத்தைக் கையால் அளந்தான்.

"காலி படகுக்கு இது வரைக்கும் தண்ணி வராது" என்றான் மெதுவாக. "சரக்கு ஏத்தினா படகு அமுங்கும். அப்பதான் இந்த சந்து தண்ணிக்குள்ள போவும். அஞ்சாறு மணி நேரம் தாங்கும். அப்பால கரஞ்சிரும்."

"நா சொல்லல?"

"சிலுவை." அவன் குரல் மாறிவிட்டது. "ஒரு படகு மத்தியானமே ஏத்திகினு போயிடிச்சி. வேலப்பன் படகு. அவன் பொஞ்சாதியும் கூட கீது."

வேலப்பன் பெண்டாட்டி கன்னியம்மா. சிறு வயதில் இதே கரையில் சிலுவையோடு சோழி ஆடியவள். அவளுக்கு வீடு வாசல் எல்லாம் அந்தப் படகுக் கூண்டுதான். அடுப்பும் பாயும் கோழிக் கூடையுமாகப் புருஷனோடு கூடவே போவாள்.

"இந்நேரத்துக்கு எங்க போயிருக்கும்?"

"கத்திவாக்கம் தாண்டி இருக்கும். வெளக்கு வைக்கிற நேரத்துக்கு எண்ணூர் கழி. கால்வாயில ஒடஞ்சா குதிச்சி கரை ஏறிடலாம். கழியில ஒடஞ்சா சுத்தி தண்ணிதான், கரையே கெடையாது."

காளவாய் மேஸ்திரியின் சைக்கிள் சுவரில் சாத்தியிருந்தது. சவரி கேட்காமலே அதை எடுத்தான்.

"நீ வூட்டுக்குப் போ. இங்க வந்தது ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. நா படகப் புடிச்சிட்டா நேரா உங்க வூட்டாண்ட வந்து மணி அடிக்கிறேன்." ஏறி உட்கார்ந்தவன், ஒரு காலைத் தரையில் ஊன்றித் திரும்பிப் பார்த்தான். "உன்ன அப்படிப் பேசினது தப்பு. மனசுல வச்சிக்காத."

"புடிக்கலன்னா?"

"அப்பயும் வருவேன்" என்று சொல்லிவிட்டு, கரையோடு வடக்கே மிதித்தான். ஐம்பது வயது ஆள். முழங்கால் சரியில்லாதவன்.

சிலுவை வீடு திரும்பியபோது கோயில் மணி ஆறு அடித்து ஓய்ந்திருந்தது. ஸ்டானிஸ்லாஸ் மாடி வராந்தாவில் நின்று கடற்காற்று வாங்கிக்கொண்டிருந்தான். அவன் வடக்குப் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"துணி தோச்சாச்சா?" என்று அன்பாகக் கேட்டான்.

"ஆச்சு."

அவனிடம் சொல்லிவிடலாமா என்று துடித்தாள். இந்த வீட்டில் அவளுக்கு இருக்கிற ஒரே துணை அவன். ஆனால் பெற்ற தகப்பனைப் பற்றி எந்த வாயால் சொல்வது? கேட்டால் நொறுங்கிப் போய்விடுவான். அண்ணன் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அடக்கிக்கொண்டாள்.

ஏழு மணிக்கு வழக்கம்போலக் கூடத்தில் விளக்கேற்றி, இராயப்பர் படத்துக்கு முன்னால் எல்லோரும் கூடினார்கள். ரோசி முன்னால் மண்டியிட்டாள். முழங்கால் மடக்க முடியாத கிழவர் நாற்காலியில் உட்கார்ந்து செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டார். சிலுவை அவர் கையையே பார்த்தாள். அந்தக் கை எப்படி நடுங்காமல் இருக்கிறது என்று அவளுக்குப் பற்றி எரிந்தது.

ஸ்டானிஸ்லாஸ் சிலுவை அடையாளம் வரைந்தான். கண்ணை மூடினான். வழக்கம்போலக் கருத்தைச் சொன்னான்.

"இந்தச் செபமாலைய இன்னிக்கி எண்ணூர் கழியில படகுல போறவங்களுக்காக ஒப்புக்கொடுப்போம். ஒரு உசுருக்கும் ஒண்ணும் ஆவக் கூடாது."

அவன் குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

சிலுவைக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. பிறகு உறைத்தது. படகு போனது அவனுக்குத் தெரிந்திருக்கலாம், ஏற்றச் சொன்னவனே அவன்தான். போனாலும் என்ன? ஆயிரம் படகு போகிற கழி அது. இன்றைக்கு மட்டும் அதில் போகிறவர்களுக்கு என்ன வந்தது? நெருப்பு புழங்குகிற இடத்தில் வேலை செய்கிற பெண்களுக்காக அவன் வேண்டிக்கொண்டது எந்த நாள்? தீப்பெட்டிச் சாலை எரிவதற்கு முந்தின நாள்.

கிறிஸ்துமஸ் துணியை ஆவணியில் வாங்குகிறவன். பத்தர் இரண்டு மாதம் இழுத்தடிப்பார் என்று தெரிந்து, சீட்டை முன்கூட்டியே அனுப்புகிறவன்.

பன்னிரண்டு வருஷம் தன் பக்கத்தில் படுத்த ஆளை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

எழுந்து கத்தியிருப்பாள். ஆனால் கழியில் கன்னியம்மா இருந்தாள். அவள் பிழைக்க வேண்டும் என்கிற வேண்டுதலை யார் வாயால் சொன்னால் என்ன? செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் வரும் பிரியதத்த மந்திரத்துக்கு அன்றைக்குச் சிலுவையைப் போல யாரும் அழுத்திப் பதில் சொல்லவில்லை. ஐம்பத்து மூன்று மணியும் அவன் சொல்லச் சொல்ல அவள் முடித்து வைத்தாள். அவனும் அவளும் ஒரே வரத்தைத்தான் கேட்டார்கள். அதை நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது.

ஆமென் சொன்னதும், இடுப்பிலிருந்து வெள்ளிப் படகை எடுத்துக் கிழவரின் மடியில் வைத்தாள்.

அருள்பிரகாசம் அதை விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்தார். கூண்டைத் தடவினார். அடித்தட்டைத் திருப்பினார். அவர் நெற்றி சுருங்கியது.

"இது சவரி படகாச்சே. இன்னும் நம்ம கைக்கி வர்லயே. யாரு இத்தச் செய்யச் சொன்னது?"

"பத்தருக்குச் சீட்டு போயிருக்குது மாமா. கம்பெனி சீட்டு."

"கால் முடக்கி வுட்ட நாளா நா பத்தருக்குச் சீட்டே அனுப்பலியே. எல்லாம் இவந்தானே..." கிழவர் பாதியில் நிறுத்தினார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மகன் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "கெடைக்கிறதுக்கு முன்னாடி யாருடா நன்றி சொல்றவன்?"

ஸ்டானிஸ்லாஸ் செபமாலையை அதன் டப்பாவில் மடித்து வைத்து, மூடியைப் பொருத்தி அழுத்தினான்.

அப்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

கணகணவென்று அடிக்கவில்லை. ஒரே ஒரு தடவை அடித்து நின்றுவிட்டது. படகைப் பிடித்த மணியா, பிடிக்காத மணியா?

ஸ்டானிஸ்லாஸ் எழுந்தான். சிலுவை அவனை முந்திக்கொண்டு போய், கதவில் முதுகை வைத்து மறித்து நின்றாள். அண்ணனுக்குக் கதவைத் திறக்கப் பின்கையால் தாழ்ப்பாளைத் தேடினாள்.